எரிந்த ஊருக்குத் திரும்பிப் போகிறவர்

நான் இப்போது சஸ்பென்ஷனில் இருக்கிறேன். காரைக்குடியில் ஒரு வாடகை வீட்டு மாடியில் பகலெல்லாம் உட்கார்ந்திருப்பவனுக்கு எழுத நேரம் கிடைக்காமல் என்ன? இதை எழுத வைத்தவர் ஒரு பெண். உடனே வேறு மாதிரி நினைத்துவிடாதீர்கள். எங்கள் பிர்க்காவில், அதாவது சில கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவில், மூன்று வருஷம் கிராம நிர்வாக அலுவலராக இருந்தவர் அவர். நான் அதே பிர்க்காவின் சர்வேயர், நிலம் அளக்கிறவன். எந்தத் தாலுகா, எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் அந்த ஊர்க்காரர்களுக்கு இன்னும் தொந்தரவுதான் வரும்.

அவரை நான் சரியாகக் கவனித்தது ஒரு ஜமாபந்தி நாளில். வருஷத்துக்கு ஒருமுறை கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்கிற நாள் அது. எல்லா வி.ஏ.ஓ.க்களும் புத்தகக் கட்டுகளோடு வந்து, எப்போது கூப்பிடுவார்களோ என்று வியர்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும் வேப்பமரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, டிபன் பாக்ஸ் மூடி அளவுக்கு ஒரு கருவியை இரண்டு கையாலும் பிடித்தபடி குனிந்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். பருத்திச் சேலை, கழுத்தில் அடையாள அட்டை. பக்கத்தில் தரையில் ஹெல்மெட் கிடந்தது.

"என்ன மேடம், மகன் விளையாடுறதப் பிடுங்கிட்டு வந்துட்டீகளா?" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"மகனுக்கு இதெல்லாம் ஒத்து வராது சார். இது என்னோடது. சிங்கப்பூர்ல இருக்க தம்பி வாங்கிக் குடுத்தான்," என்றார். நிமிரக்கூட இல்லை.

அது ஜப்பான்காரர்கள் செய்த விளையாட்டு. சுடுவது, கார் ஓட்டுவது எல்லாம் இல்லை. ஒரு கற்பனை நாடு, அதற்கு ஒரு வரைபடம். ஊர் ஊராக நடந்து போக வேண்டும். போகிற ஊரிலெல்லாம் ஆட்கள் நிற்பார்கள். பக்கத்தில் போய்ப் பட்டனை அழுத்தினால் ஆளுக்கு ஒரு வரி பேசுவார்கள். இளவரசிக்கும் தளபதிக்கும் பெயர் உண்டு. கிணற்றடியில் குடத்தோடு நிற்பவளுக்கும், கோட்டை வாசலில் ஈட்டி பிடித்தவனுக்கும் பெயர் கிடையாது. அவர்களிடம் பேசாமலே கதையை நகர்த்திக்கொண்டு நேரே அரண்மனைக்குப் போய்விடலாம். நம் மேடம் அப்படிப் போகமாட்டார்.

"எல்லார்ட்டயும் ரெண்டு தடவ கேக்கணும் சார்," என்று கருவியை என் பக்கம் திருப்பினார். "மொதத் தடவ, 'எங்க ஊரு நல்ல ஊரு, வாங்க'ம்பாக. அப்படியே நின்னு இன்னொருக்கா அமுத்துங்க. 'போன வருசத்துலருந்து ஆத்துல தண்ணி வரல'ம்பாக. உண்மைய எல்லாம் ரெண்டாவதுலதான் வச்சிருக்காக."

"அப்ப மொதக் கேள்வி எதுக்கு?"

"அது மரியாதைக்கு," என்றார்.

விளையாட்டில் மட்டும் என்றால் நான் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். இந்தம்மா நிஜத்திலும் அப்படித்தான். எங்கள் பக்கத்தில் யாரும் முதல் தடவை கேட்டதும் பசிக்கிறது என்று சொல்லமாட்டார்கள். பட்டினியாகக் கிடந்தவன்கூட "இப்பத்தேன் சாப்பிட்டு வாரேன்" என்பான். இவர் விடமாட்டார். ஒருவர் வந்து சான்றிதழ் வாங்கிக்கொண்டு எழுந்தால், "வேற ஒண்ணும் இல்லையே?" என்பார். "இல்லைங்கம்மா" என்று பதில் வரும். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அதே கேள்வியை அதே குரலில் திரும்பக் கேட்பார். ஒருநாள் அப்படிக் கேட்டபோது, மகள் காலேஜ் உதவித்தொகைக்கு வருமானச் சான்று வாங்க வந்த ஒரு மனுஷர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மகள் ஒரு மாசமாகக் காலேஜுக்கே போகவில்லையாம். வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்களாம். யாரிடமும் சொல்லவில்லையாம். மேடம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்கே போய்விட்டார். அந்தப் பெண் மறுபடி காலேஜுக்குப் போனதாகத் தலையாரி பின்னால் சொன்னார்.

ஆபீஸில் அவருக்கு வைத்த பெயர் 'ரெண்டாங் கேள்வி'. வைத்தவன் நான்தான். ஒரு மணி நேரத்தில் அளந்து முடிக்கிற நிலத்தை அவரோடு போனால் சாயங்காலம் வரை அளக்க வேண்டியிருக்கும். வரப்புக்கு இங்குட்டு இருப்பவனிடம் இரண்டு தடவை, அங்குட்டு இருப்பவனிடம் இரண்டு தடவை, ஆடு மேய்க்கிறவரிடம் இரண்டு தடவை. நான் வெயிலில் நின்றுகொண்டு பல்லைக் கடிப்பேன். அறிக்கை லேட்டாகிறதென்று தாசில்தார் போனில் கத்துவார். "சரிங்க சார், சரிங்க சார்" என்று மேடம் கேட்டுக்கொண்டு, போனை வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போவார்.

மதியம் கிராம அலுவலகத்திலேயே மூன்று பேரும் சாப்பிடுவோம். மேடம், நான், தலையாரி. தலையாரி என்றால் வி.ஏ.ஓ.வுக்குக் கிராம உதவியாளர். ஐம்பது வயதைத் தாண்டியவர், ஊரில் எந்த வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை அவருக்குத் தெரியும். சாப்பிட்ட கையோடு மேடம் கருவியை எடுப்பார். அதில் எல்லாம் இங்கிலீஷில்தான் வரும். அவர் நம்ம பேச்சில் சொல்லச் சொல்ல, தலையாரி வெற்றிலையை மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்பார்.

வடக்கே ஒரு பேரரசு. தெற்கே ஓர் ஏரியைச் சுற்றி ஒரு சின்ன நாடு. ஏரிக்கு அடியில் ஒளிவிடுகிற ஒரு கல் கிடைக்கிறது. பேரரசுக்கு அது வேண்டும், அதனால் ஏரியை வற்ற அடிக்கிறது. கதாநாயகனின் ஊர் ஆட்டம் தொடங்கி அரை மணி நேரத்திலேயே எரிந்து போகும். இதுதான் கதை. அழிக்கப்போன பழைய படிவங்களின் முதுகில் மேடம் அந்த உலகத்தைப் படம் போட்டு வைத்திருந்தார். ஏரி, மதகு, உப்பளம், துறைமுகம், சுங்கச்சாவடி எல்லாம் அதில் இருக்கும். சர்வேயர் கண்ணால் பார்த்தாலும் அதில் குறை சொல்ல முடியாது.

"துறைமுகத்துக்காரவுக ஏன் சண்ட வேணாங்குறாக, சொல்லுங்க பாப்பம்?" என்று என்னைக் கேட்பார். "உப்பு முழுசும் வடக்கதான் போகுது. சண்ட வந்தா யாரு வாங்குவா? கோயில்காரவுகளுக்கு ஏன் ரெண்டு பக்கமும் மரியாத? தானியக் கிட்டங்கி அவுக கையில இருக்கு. இதெல்லாம் எங்கயும் எழுதிப் போடல சார். கூடை சுமக்குறவுக, வலை பின்னுறவுக ஆளுக்கு ஒரு வரியாச் சொல்றாக. நம்மதான் சேத்துப் பாக்கணும். இதச் செஞ்சவுக எப்பயோ ஒரு தாலுகா ஆபீசுல வேல பாத்திருப்பாக."

"அந்த ராசா பெரிய அயோக்கியப் பயலா இருப்பான் போலயேம்மா," என்றார் தலையாரி.

"அப்படி முடிச்சிருந்தா நான் தூக்கிப் போட்டிருப்பேன். அவுக ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்குட்டு இருட்டாக் கிடக்கு. நிக்கிற நர்சுகிட்ட ரெண்டாவது தடவ கேட்டா, 'தெக்கருந்து கல்லு வந்தாத்தான் விளக்கு, விளக்கு வந்தாத்தான் ஆபரேசன்'ங்குது."

"அப்ப யாருதேன் கெட்டவன்?"

"தெரியலண்ணே. தேடிக்கிட்டுதான் இருக்கேன்."

கதையில் எது நடந்தாலும், ஒரு போர் முடிந்தாலோ ஒரு கோட்டை விழுந்தாலோ, ஊர்க்காரர்கள் பேசுகிற வரிகள் மாறுமாம். அதனால் மேடம் ஒவ்வொரு முறையும் அத்தனை தூரம் நடந்து அந்த எரிந்த ஊருக்குத் திரும்பிப் போவார். அங்கே மிச்சம் இருப்பது இரண்டே பேர். சாம்பலைக் கிளறுகிற ஒருத்தி, தண்ணீர் சுமக்கிற ஒருவன்.

"அங்க போனா என்ன கிடைக்கும்? கத்தியா, கவசமா?" என்றேன்.

"ஒண்ணும் கிடைக்காது சார்."

"பொறகு எதுக்குப் போறீக?"

"இப்ப என்ன சொல்றாகன்னு தெரிய வேணாமா?"

ஒருநாள் அவர் இன்னொன்றும் சொன்னார். ஜப்பான்காரர்கள் செய்கிற இந்த மாதிரி விளையாட்டுகளில் பாதிக்கு மேல் எரிந்த ஊரில்தான் தொடங்குகிறதாம். "அவுக ஊருக எரிஞ்சத அவுக தாத்தா காலத்துல பாத்திருக்காக. அவுகளும் போயி அடுத்தவுக ஊர எரிச்சிருக்காக. ரெண்டுந் தெரிஞ்ச ஆளுகதான் இப்படிக் கதை செய்ய முடியும்," என்றார். இது சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது. நான் சர்வேயர். ஆனால் சொல்லும்போது அவர் குரல் இறங்கிப் போனது ஞாபகம் இருக்கிறது.

அந்த ஊருக்குத் தீ வைத்த சிப்பாய்களில் ஒருவனைக் கதையின் பின்பாதியில் துறைமுகத்துச் சாராயக் கடையில் பார்க்கலாம். அவனுக்கும் பெயர் இல்லை. மேடம் எங்கள் முன்னால்தான் அவனிடம் பட்டனை அழுத்தினார். முதல் தடவை, 'எனக்கு வந்தது உத்தரவு' என்றான். இரண்டாவது தடவை, 'கிணற்றடியில் ஒரு சின்னச் செருப்பு கிடந்தது' என்றான். தலையாரி "ஐயோ" என்றார். நான் கையைக் கழுவ எழுந்து போய்விட்டேன். பொம்மை விளையாட்டுக்கு இவ்வளவா என்று எனக்கு எரிச்சல் வந்தது, அதுதான் உண்மை.

அந்த ஆட்டத்தை அவர் கடைசிவரை முடிக்கவே இல்லை. ராஜாவோடு கடைசிச் சண்டை மட்டும் பாக்கி. அதில் ஜெயித்தால் திரையில் பெயர்கள் ஓடும், எல்லாம் முடிந்துவிடும். "ராசாவக் கொன்னாச்சு. மறுநா காலைல மடைய யாரு திறப்பாக? அதச் சொல்லாம பாட்டப் போட்டு முடிச்சுப்புடுறாக," என்பார். அதனால் அவர் சண்டைக்குப் போகாமல் அந்த நாட்டிலேயே சுற்றிக்கொண்டிருந்தார்.

இனி நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

ஓர் ஆனி மாசம் கோர்ட் உத்தரவு வந்தது. நீர்நிலைகளுக்குள் கட்டியிருக்கும் வீடுகளை அகற்ற வேண்டும். எங்கள் பிர்க்காவில் நாலு ஊர், கெடு ஒரே வாரம். அதில் ஓர் ஊரில் கண்மாய் ஓரமாக ஆறு வீடுகள். ஐந்து வீடுகள் சந்தேகத்துக்கு இடமில்லாமல் கண்மாய்க்குள் இருந்தன. ஆறாவது வீடு எல்லையில். காரைக்குடியில் வெல்டிங் வேலை பார்க்கிற ஒருவரும் அவர் மனைவியும் இரண்டு பிள்ளைகளோடு இருந்தார்கள். அந்தம்மா தையல் தைப்பார். வீடு இரண்டே அறைதான். வாசலுக்கு மட்டும் வெல்டிங்காரர் தன் கையால் செய்த பெரிய இரும்புக் கேட், பூ வேலைப்பாட்டோடு. அந்த வீடு கண்மாய்க்குள்ளா வெளியேவா என்பதை நான் அளந்து சொல்ல வேண்டும்.

எங்கள் வேலையில் ஒரு பாலபாடம் உண்டு. ஒரு கல்லை நம்பி அளக்கக் கூடாது. குறைந்தது மூன்று சர்வே கற்களைப் பார்க்க வேண்டும். ஒன்றுக்கொன்று உள்ள தூரம் புலப்படத்தோடு, அதாவது பழைய அளவு வரைபடத்தோடு, ஒத்துப்போனால்தான் கல் அதன் இடத்தில் நிற்கிறது என்று நம்பலாம். அன்று ஒரு கல் பொட்டலில் பளிச்சென்று நின்றது. மற்ற இரண்டும் சீமைக் கருவேல முள்ளுக்குள். வெட்டிப் பார்க்க இரண்டு மணி நேரம் ஆகும். மணி பன்னிரண்டரை, உச்சி வெயில். இன்னும் ஓர் ஊர் பாக்கி இருந்தது. அந்த ஒரு கல்லிலிருந்து அளந்தேன். வீடு முழுக்கக் கண்மாய்க்குள் வந்தது. 'மூன்று கற்களும் சரிபார்க்கப்பட்டன' என்று வரைபடத்தின் ஓரத்தில் எழுதினேன். கை நடுங்கியது என்றெல்லாம் பொய் சொல்லமாட்டேன். நடுங்கவில்லை. வழக்கமாக எழுதுகிற வரிதானே.

மூன்று மணிக்கு மேடம் வந்தார். வேறொரு ஊரில் காலையிலிருந்து நின்றுவிட்டு, முகமெல்லாம் புழுதி. நாலு மணிக்குள் அறிக்கை போக வேண்டும். அந்த வாரம் முழுக்க அவருக்கு யாரிடமும் நின்று பேச நேரம் இல்லை.

"மத்த ரெண்டு கல்லும் பாத்தீகளா சார்?" என்றார்.

"பாத்தேன் மேடம்," என்றேன்.

என் முகத்தைப் பார்த்தார். நான் பையைப் பூட்டிக்கொண்டிருந்தேன். கையெழுத்துப் போட்டார். ஊர் முழுக்க எல்லாரிடமும் இரண்டு தடவை கேட்கிற மனுஷி என்னிடம் ஒரே தடவைதான் கேட்டார். என்னை நம்பினார். இன்றுவரை எனக்கு ஆறாதது இதுதான்.

இடித்த அன்று நானும் அங்கே இருந்தேன். ஐந்து வீடுகள் முடிந்து ஜே.சி.பி. ஆறாவது வீட்டுக்கு வந்தபோது, வெல்டிங்காரர் ஓட்டுநரிடம் கையைக் காட்டிக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னார். ஸ்பேனரை எடுத்து வந்து கேட்டை அவரே கழற்றினார். ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவர் மனைவி தையல் மெஷினை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். மேடம் போய் ஒரு பக்கம் பிடித்தார். "நீங்க விடுங்க," என்று அந்தம்மா சொல்லிவிட்டார். மேடம் கையை எடுத்துக்கொண்டார். கடைசிச் சுவர் விழும்வரை அவர் அங்கிருந்து நகரவில்லை. நான் கிளம்பிவிட்டேன்.

வேலை முடிந்தது என்று எல்லாரும் அடுத்த கோப்புக்குப் போய்விட்டோம். மேடம் மட்டும் சனிக்கிழமை அங்கே திரும்பிப் போயிருக்கிறார். யாரும் அனுப்பவில்லை. உடன் போன தலையாரி சொல்லித்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும். வெல்டிங்காரர் குடும்பம் பொட்டலில் தார்ப்பாய் கட்டியிருந்தது. கேட்டை ஒரு மரத்தில் சாய்த்து வைத்திருந்தார்களாம்.

"எப்படி இருக்கீக?" என்று மேடம் கேட்டிருக்கிறார்.

"இருக்கோம்."

மேடம் தரையில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "எப்படி இருக்கீக?" என்று மறுபடி கேட்டிருக்கிறார்.

அந்தம்மா முதலில் அழுதாராம். பிறகு சொன்னாராம், "அந்தக் கல்லு மட்டும் இருந்த இடத்துல இருந்திருந்தா எங்க வீடு தப்பிச்சிருக்கும்மா."

எங்கள் பக்கத்தில் கண்மாய் வற்றியதும் பொட்டலில் மஞ்சுவிரட்டு நடக்கும். மாட்டை விரட்டிக்கொண்டு ஓடுகிறவன் கல்லில் தடுக்கி விழுந்தால் உயிர் போய்விடும். அதனால் அந்த ஊரில் நாலைந்து வருஷத்துக்கு முன்பு சர்வே கல்லைப் பெயர்த்து ஓரமாக வைத்திருக்கிறார்கள். மஞ்சுவிரட்டு முடிந்ததும் கழுவி, சுண்ணாம்பு அடித்து, பயபக்தியோடு திரும்ப நட்டிருக்கிறார்கள். தோராயமாக. நாற்பது அடி தள்ளி. அதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. கல்லைத் தொலைத்தால்தானே குற்றம், நாங்கள் நட்டுவிட்டோமே என்று நினைத்திருக்கிறார்கள். ஆபீசர் வந்து கேட்டால், "ஆதியிலருந்து அங்கனதேன் இருக்கு" என்று சொல்ல வேண்டும் என்பது ஊர்ப் பேச்சு. ஊர்ப் பேச்சை மீறி அந்தம்மாவும் வாயைத் திறக்கவில்லை, வீடு போன பிறகும்கூட, மேடம் இரண்டாவது தடவை கேட்கும்வரை.

மேடம் அங்கிருந்தே தலையாரியைக் கூட்டிக்கொண்டு போய் முள்ளை வெட்டியிருக்கிறார். மற்ற இரண்டு கற்களும் உள்ளே இருந்தன. கல்லைச் சுற்றிக் கை மொத்தத்துக்குக் கருவேல வேர். வருஷக்கணக்கில் மனுஷக் கை படாத கல் என்று யார் பார்த்தாலும் தெரியும்.

திங்கட்கிழமை ஆபீஸுக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். முழங்கைவரை முள் கிழித்த கோடுகள்.

"முள்ளு வெட்டிட்டு வந்தேன் சார்," என்றார்.

நான் எதிரில் இருந்த கோப்பைத் திறந்தேன், மூடினேன். அவர் ரொம்ப நேரம் காத்திருந்தார். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அதில் எல்லாம் அடங்கியிருக்கும். அவர் கத்தவில்லை.

"நான் போய்ப் பாக்காம கையெழுத்துப் போட்டுட்டேன்னு எழுதிக் குடுத்துட்டேன். அது என் பங்கு," என்றார் எழுந்திருக்கும்போது. "ஒங்க பங்க நான் எழுதுனா புகாராப் போயிரும். நீங்களே எழுதுங்க சார்."

நான் எழுதவில்லை. விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். என்னைக் கூப்பிட்டு மூன்று கற்களையும் பார்த்தீர்களா என்று கேட்டார். பார்த்தேன் சார், முள்ளை விலக்கிக் குனிந்து பார்த்தேன் என்றேன். முள்ளைத்தான் ஏற்கனவே வெட்டியாகிவிட்டதே, மறுபடி அளந்து பார்க்க அவரும் உத்தரவு போடவில்லை. அத்தோடு என் வரைபடமே செல்லும் என்று ஆகிவிட்டது. மேடம் சொன்னது எடுபடவில்லை. வேலையில் கவனக்குறைவு என்று அவரே எழுதிக் கொடுத்ததை வைத்து அவர் மேல் நடவடிக்கை எடுத்தார்கள். மாவட்டத்தின் இன்னொரு கோடிக்கு மாற்றினார்கள். அவர் கிளம்பிய அன்று நான் லீவு போட்டுவிட்டேன். எனக்கு அந்த வருஷம் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் இருந்தது. மகள் பிளஸ் டூ. காரணங்களுக்கு என்ன பஞ்சம்?

எட்டு மாசம் இப்படி ஓடியது. மாசி மாசம் வேறு ஒரு வேலையாக அந்த ஊர் வழியாகப் போனேன். பொட்டலில் இளவட்டங்கள் நாலைந்து பேர் கடப்பாரையோடு நின்றார்கள். என் கண் முன்னாலேயே அந்தச் சர்வே கல்லைப் பெயர்த்து, தோளில் தூக்கி, வலிக்காமல் இறக்குவதைப்போல ஓரமாகப் படுக்க வைத்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒருவன் சிரித்தான்.

"ஞாயித்துக்கிழம மஞ்சுவிரட்டு சார். முடிஞ்சதும் நட்டுருவோம், நீங்க கவலப்படாதீக."

கல் இருந்த குழியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர்கள் கல்லை நகர்த்தியது தெரியாமல் செய்தது. நான் அளந்தது தெரிந்தே செய்தது. பைக்கைத் திருப்பி நேரே அந்தத் தார்ப்பாய்க்குப் போனேன்.

அந்தம்மா மட்டும் இருந்தார். தையல் மெஷினில் உட்கார்ந்து ஏதோ பள்ளிக்கூடச் சட்டை தைத்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்ததும் மெஷினை நிறுத்தினார். உட்காரச் சொல்லவில்லை.

"ஒங்க வீடு கண்மாய்க்குள்ள இல்லம்மா," என்றேன். "மூணு கல்லும் பாத்தேன்னு எழுதுனேன். பாக்கல. ஒரு கல்லத்தான் பாத்தேன். தப்பு என்னோடது."

அந்தம்மா என்னையே பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். செருப்பை எடுத்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போயிருந்தேன்.

"இத எழுதித் தாரீகளா?" என்றார்.

பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன். தையல் மெஷினின் பலகையிலிருந்து துணியை ஒதுக்கி இடம் கொடுத்தார். நின்றுகொண்டே எழுதினேன். தேதி, சர்வே எண், எத்தனை கல் பார்த்தேன், எதைப் பார்க்கவில்லை, விசாரணையில் என்ன பொய் சொன்னேன். எழுதி முடித்து நீட்டினேன். வாங்கி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். பாதியில் ஒருமுறை சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டு தடவை படித்தார் என்று நினைக்கிறேன்.

"திங்கக்கிழம கலெக்டர் ஆபீசுல மனு நாளு. இதக் கொண்டுட்டுப் போவோம்," என்றார். பிறகு தாளை என்னிடமே திருப்பி நீட்டினார். "இதுல வி.ஏ.ஓ. அம்மாவப் பத்தி ஒண்ணும் எழுதலியே?"

"அவுக என்னத்த... அவுகளும் கையெழுத்துப் போட்டிருக்காகம்மா."

"ஒங்கள நம்பித்தான போட்டாக? இங்குட்டு எங்கள எட்டிப் பாக்க வந்தது அவுக ஒருத்தவுகதான். போன மாசங்கூட பஸ் ஏறி வந்துட்டுப் போனாக. அன்னைக்கு மெஷினப் பிடிக்க வந்தவுகள நான் வேற விடுங்கன்னுட்டேன்." அந்தம்மா மெஷின் சக்கரத்தில் கையை வைத்துக்கொண்டார். "அவுக மேல தப்பு இல்லன்னு எழுதுங்க. வி.ஏ.ஓ.ன்னு போடாதீக, நாளைக்கு யாரு வேணா வி.ஏ.ஓ. ஆவாக. பேரப் போட்டு எழுதுங்க."

பேனாவைத் தாளில் வைத்தேன். மூன்று வருஷம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். மேடம் என்று கூப்பிட்டிருக்கிறேன், முதுகுக்குப் பின்னால் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டிருக்கிறேன். அவர் இனிஷியல் என்னவென்று எனக்குத் தெரியவில்லை. தலையாரிக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

"எதுக்கு சார்?" என்றார் அவர்.

சொன்னேன். பிறகு இனிஷியலையும், அப்பா பெயரையும், பெயரையும் எழுத்து எழுத்தாக நிறுத்திச் சொன்னார். அந்தம்மா மெஷினுக்கு மேல் குனிந்து, நான் எழுதுவது சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றார்.

முழுப் பெயரையும் எழுதினேன். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை, என்னை நம்பியது தவிர என்று எழுதினேன். கீழே என் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டேன். இங்கே அவர் பெயரை எழுதவில்லை. எழுத வேண்டிய தாளில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.